வீட்டில் என்ன பாஷை

என் மகளுக்கு மூன்று வயது முடிந்தபோது திருப்பதியில் எங்கள் காலனி முழுக்க ஒரே கேள்விதான்: எந்த ஸ்கூல்? காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன்கள் தெருமுனையில் வரிசைகட்டி நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை டை கட்டி ஏற்றி அனுப்புவார்கள். நான் அங்கன்வாடியில் சேர்க்கப் போகிறேன் என்றதும் எதிர்வீட்டுக்காரி, "முட்டைக்காகவா?" என்று கேட்டுச் சிரித்தாள். "ஆமாம், உங்க வேன்ல முட்டை தர்றதில்லையே" என்றேன். ஒரு வாரம் அவள் என்னுடன் பேசவில்லை. எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

உண்மையான காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. கணவரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவர் பங்காருபாளையத்து மாந்தோப்பு வீட்டுப் பிள்ளை, வீட்டில் தெலுங்கு. விரும்பித்தான் கட்டிக்கொண்டேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு என் தமிழ் போனுக்குள் போய்விட்டது. அம்மாவிடம் பேசி வைத்துவிட்டால் அன்றைய கணக்குக்குத் தமிழ் முடிந்தது. அதனால் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது: என் மகள் என்னிடம் தமிழில் அடம்பிடிக்க வேண்டும், தமிழில் பொய் சொல்ல வேண்டும், வளர்ந்தபின் தமிழில் என்னைத் திட்டவும் வேண்டும். சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது தமிழிலேயே பேசுவேன். அவளும் மழலையில், "இது இன்னாமா, அது இன்னாமா" என்று உயிரை வாங்குவாள். கேட்கக் கேட்க எனக்குப் பசி தெரியாது.

ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த அங்கன்வாடியில் உதவிக்கு இருக்கும் அம்மாள் நகரிக்காரர், தமிழ் பேசுவார் என்று நான் வேலைபார்க்கும் லேபில் ரத்தம் கொடுக்க வந்த ஒருத்தி சொன்னாள். மறுநாளே மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். "வா கண்ணு, துன்னுட்டு வந்தியா?" என்று அந்த அம்மாள் கை நீட்டியதும் மகளை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் அது ஓர் ஒற்றை வாடகை அறை. கக்கூஸ் இல்லை. வாசற்படியை ஒட்டித் திறந்த சாக்கடை ஓடியது. நான் நின்ற பத்து நிமிஷத்தில் ஒரு பிள்ளை இரண்டு தடவை அதன் விளிம்பு வரை போய்வந்தது.

இன்னொன்று வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். சொந்தக் கட்டடம், சுற்றுச்சுவர், குழாயில் தண்ணீர். பிள்ளைகள் வரிசையாகக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். டீச்சர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தலையை எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். பேசியதெல்லாம் பளிச்சென்ற தெலுங்கு.

மூன்று நாள் யோசித்தேன். பாஷையைவிடச் சாக்கடை பெரிதாகத் தெரிந்தது. தொட்டிக்குப் பின்னால் இருந்ததிலேயே சேர்த்தேன். சேர்க்கும்போது டீச்சர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். "தெலுகே மேடம்" என்றேன். எங்கள் எல்லையோர ஊர்களில் இது பரம்பரைப் பழக்கம். வரப்புச் சண்டையைத் தமிழில் போட்டுக்கொண்டே மண்டல் ஆபீஸ் வரை நடப்போம், படியேறியதும் வாய் தானாகத் தெலுங்குக்கு மாறிவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பது பக்கத்துவீட்டுக்காரராகவே இருந்தாலும் அப்படித்தான். தமிழ் என்று சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

இரண்டு மாதத்தில் என் சமையலறை மாறிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். நான் விடாமல் தமிழில் கதை சொன்னால், என் வாயைக் கையால் பொத்தி, "தெலுகுலோ செப்பு" என்பாள். தெலுங்கில் சொல்லவேண்டுமாம். பழியைக் கணவர் மேல் போட்டேன். "எல்லாம் நீங்க சொல்லிக் குடுக்கறதுதான்" என்று ஒரு ராத்திரி கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். டிவியைத் திட்டினேன், எதிர்வீட்டுப் பிள்ளைகளைத் திட்டினேன். கடைசியில் வாய் ஓய்ந்து, நானும் அவளிடம் தெலுங்கே பேச ஆரம்பித்தேன். அந்த வருஷங்களில் பஸ்ஸில் யாராவது ஓர் அம்மா தன் பிள்ளையைத் தமிழில் அதட்டினால், என் ஸ்டாப் வந்தும் இறங்க மனசு வராது.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சான்றிதழ் வாங்க, இரண்டரை வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அங்கன்வாடிக்குப் போனேன். டீச்சர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நைனா துன்னாரா? மாத்திர போட்டுக்கினாரா? நான் ஞாயித்துக்கெயம வர்றேன்னு சொல்லு."

நான் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்ததும், "மேடம், நீங்க தமிழா?" என்றேன்.

"ஆமா, பிச்சாட்டூரு" என்றவர், நான் கேட்டது எந்தப் பாஷையில் என்று அப்புறம்தான் உணர்ந்தார். "நீ?"

"சத்தியவேடு, அக்கா."

"அடிப்பாவி! ரெண்டர வருசமா ரெண்டு பேரும் தெலுங்குல பேசிக்கினு இருந்தோமா?"

இருவரும் சிரித்தோம். பிச்சாட்டூர் ஏரி இந்த வருஷம் நிரம்பிய கதையைச் சொன்னார், எங்கள் ஊர் பஸ் கூட்டத்தை நான் சொன்னேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்:

"உம் பொண்ணு வந்த புதுசுல எங்கிட்ட தமிழ்லதான் பேசும். 'தண்ணி குடு, இது இன்னா'ன்னு. நீ தெலுங்குன்னு சொன்னியா, பக்கத்துல எங்கியோ கத்துக்கினு வந்துச்சின்னு நெனச்சேன். நாளைக்கு நீ வந்து ஏன் தமிழ் பேசுதுன்னு கேக்கப்போறன்னு, 'தெலுகுலோ செப்பு, தெலுகுலோ செப்பு'ன்னு நாந்தான் மாத்தி வுட்டேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவர் மேல் கோபம் வரவில்லை. நான் சொன்னதை நம்பி நல்லபடியாக வேலை செய்திருக்கிறார். கணவரிடம் கத்திய அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

என் முகத்தைப் பார்த்து டீச்சருக்கும் விளங்கிவிட்டது. உள்ளே தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருந்த என் மகளை அவசரமாகக் கூப்பிட்டு, கன்னத்தைப் பிடித்து, "இன்னா கண்ணு, முட்டை துன்னியா?" என்று கேட்டார்.

அவள் டீச்சரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கைகட்டி நேராக நின்று, மரியாதை குறையாமல், "தெலுகுலோ செப்பண்டி டீச்சர்" என்றாள்.

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கேட்டதற்குப் பதில் வேண்டுமே. நான் மகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த நான்கு வார்த்தைகளையும் அவளுக்குத் தெலுங்கில் மாற்றிச் சொன்னேன்.