வாழைத்தடலும் மூன்று செம்புத் தண்ணீரும்

என் தலைமயிர் நாறியது. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. பதின்மூன்றாவது வயதில், முதுகெலும்பில் சத்திரசிகிச்சை முடிந்து, கொழும்பிலிருந்து சண்டிலிப்பாய் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தப்பட்ட அந்த முதல் வாரத்தில், எண்ணெயும் வியர்வையும் ஆஸ்பத்திரித் தலையணையும் கலந்த ஒரு புளித்த மணம் என் பின்னலிலிருந்து எழும்பி நேரே மூக்குக்கு வந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பியது. முதுகு நோவைவிட அதுதான் எனக்குப் பெரிய துன்பம் என்றால் சிரிப்பீர்கள். ஆனால், விடிந்தால் கிணற்றடி, பொழுதுபட்டால் கிணற்றடி என்று வாளி வாளியாக அள்ளி ஊற்றி வளர்ந்த ஒரு பிள்ளையை யன்னலுக்கு இந்தப் பக்கம் கிடத்திவிட்டு, மற்றவர்கள் அந்தப் பக்கம் தலைக்கு ஊற்றித் ‘தோயும்’ சத்தத்தை மட்டும் கேட்கவிட்டால் அதற்கு எப்படி இருக்கும்?

என் முதுகு வளைந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது வைத்தியரல்ல, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கிற அக்காதான். “ஒரு பக்கத்துக் கரை ஏறி நிக்குது, பிள்ளையை நிமிர்ந்து நிக்கச் சொல்லுங்கோ,” என்றார் அம்மாவிடம். நான் நிமிர்ந்துதான் நின்றேன். படம் பிடித்துப் பார்த்தபோது முள்ளந்தண்டு மண்புழுவைப்போல நெளிந்து கிடந்தது. ஒன்றரை வருடம் அலைந்து, கடைசியில் இரண்டு உலோகக் கம்பிகளை வைத்து அதை நிமிர்த்தினார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவிலிருந்து இடுப்புவரை ஒரே காயம், ஒரே தையல்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டொக்டர் சொன்னதை, எழுதி வைக்கிற பழக்கமில்லாத தோட்டக்காரரான அப்பா, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் படலையடியில் நின்று ஒப்புவித்ததால் எனக்கும் அது பாடமாகிவிட்டது. காயம் முழுதாகக் காயும்வரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. குனியக்கூடாது, முறுகக்கூடாது. கிருமி உள்ளே இறங்கிக் கம்பியைப் பிடித்தால் கம்பியைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் முதுகு பழையபடி போய்விடும், பிறகு நிமிர்த்துவதற்கு ஒருவராலும் உறுதி சொல்ல இயலாது. “பிறகு ஏலாது,” என்று அப்பா கடைசிச் சொற்களை இரண்டுதரம் சொல்லுவார்.

ஆகவே எனக்குக் குளிப்பு இல்லை, ‘மேல் துடைப்பு’ மட்டுந்தான். அம்மா இரண்டு பேசின்களில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவருவார். ஒன்று சவுக்காரத் தண்ணீர், மற்றது வெறும் தண்ணீர். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்த துண்டுகளால் முகத்தில் தொடங்கிக் கால்வரை துடைத்து, துடைத்த இடத்தை உடனே துவாயால் மூடி, தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்து, பிறகுதான் முதுகுப் பக்கம் வருவார். என்னைத் திருப்புவது தனி வேலை. விரிப்பின் இரண்டு முனைகளை அப்பாவும் இரண்டை அம்மாவும் பிடிப்பார்கள். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். “மரக்குத்தி மாதிரிக் கிட. நீ ஒண்டும் செய்யாதை, நாங்கள் செய்யிறம்,” என்பார் அம்மா. மரக்குத்திக்குக் கூச்சம் இல்லை, எனக்கு இருந்தது. அப்பா அந்த நேரம் முழுக்க முகட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார், பாவம்.

மருந்து கட்டுவது இரண்டு நாளைக்கு ஒருதரம். பக்கத்து ஆஸ்பத்திரித் தாதி, அதாவது ‘மிஸ்’, காட்டிக் கொடுத்தபடி, அம்மா முழங்கைவரை சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு, இரண்டு கைகளையும் கும்பிடப் போகிறவர்போல உயர்த்தியபடி கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் தொலைபேசி அடிக்கும், இல்லையென்றால் அவருக்கு மூக்குக் கடிக்கும். “கை கழுவிட்டு நிக்கிறன், ஒருத்தரும் என்னைத் தொடாதேங்கோ!” என்று வீடே அதிரக் கத்துவார், மூக்கைத் தோளில் தேய்த்துக்கொள்வார். பழைய துணியை எடுத்ததும் சிவப்பு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, ஈரம் கசிகிறதா என்று பார்த்து, கடைசியில் குனிந்து மோந்தும் பார்ப்பார். “ஒரு மணமும் இல்லை,” என்று அவர் அறிவிக்க, கதவுக்கு வெளியே நிற்கிற அப்பா “முருகா” என்பார்.

தலைமயிர்ப் பிரச்சினையைத் தீர்த்தது அப்பாதான். ஒருநாள் தோட்டத்திலிருந்து பெரிய வாழைத்தடல் ஒன்றை உரித்துக்கொண்டு வந்தார். வாய்க்கால்போலக் குழிந்த அந்த மட்டையை என் பிடரிக்குக் கீழே கொடுத்து, மற்ற நுனியைக் கட்டிலின் தலைமாட்டுக்கு வெளியே சரித்து, கீழே ஒரு வாளியையும் வைத்தார். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுகிறவருக்கு, தண்ணீர் எங்கே போகும், எங்கே போகாது என்பது கைவந்த கலை. செம்பால் மெல்ல ஊற்றினார். முழுவதும் தடல் வழியே ஓடி வாளியில் விழுந்தது, விரிப்பில்கூட ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் அது தலை கழுவியதே தவிர, நான் தோய்ந்ததாகாது. தலையில் விழுகிற தண்ணீர் தோளில் இறங்கி முழங்காலில் வழிந்தோட வேண்டும், அப்போதுதான் தோய்ந்த மாதிரி.

மூன்றாம் வாரம் நான் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தேன். காயத்தில் இடுப்புப் பக்கம் ஒரு விரற்கடை மட்டும் இன்னும் காயாமல் இருந்தது. அன்று காலை நான் பெரியபிள்ளையானேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் முதலில் செய்கிற காரியம் அவள் தலையில் தண்ணீர் வார்ப்பது. அதுவும் தாய்மாமனின் மனைவி வந்து வார்க்க வேண்டும். கோப்பாயிலிருந்து மாமி ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து இறங்கினார், மஞ்சள், அறுகம்புல், புதுச் சட்டை எல்லாவற்றோடும். அவருக்கு மூன்றும் பெடியன்கள். இரண்டு வீட்டுக்கும் பெண்பிள்ளை என்று இருந்தது நான் ஒருத்திதான். படலையைத் திறக்கும்போதே கண் கலங்கியிருந்தார். அப்பா வழியை மறித்து நின்றார்.

“தண்ணி வாக்கிற கதை இப்ப வேண்டாம். சடங்கைப் பிறகு ஆறுதலாச் செய்யலாம், பிள்ளைக்கு முதுகு ஒண்டுதான் இருக்கு.”

“அண்ணை, தண்ணி வாக்காமல் பிள்ளையை எப்பிடி வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறது? துடக்கெல்லோ!” என்று தீட்டைச் சொன்னார் மாமி.

அம்மா இருவருக்கும் நடுவே நின்று யோசித்து, அப்பாவின் வாழைத்தடலைக் காட்டினார். அப்படியே முடிவாயிற்று. என்னைக் கட்டிலில் கிடத்தி, மஞ்சள் கரைத்து அறுகம்புல் போட்ட தண்ணீரைத் தடலின்மேல் மாமி என் தலைக்கு வார்த்தார். ஊரிலேயே கட்டிலில் கிடந்து முதல் தண்ணீர் வார்க்கப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். அப்பா திருப்தியோடு சந்தைக்குப் போனார். அம்மா எனக்கு உழுத்தங்களி கிண்ட அடுப்படிக்குப் போனார். களி கிண்டத் தொடங்கினால் கையை எடுக்க இயலாது, அடிப்பிடித்துவிடும்.

அறையில் மாமியும் நானும் மட்டும். மிஞ்சிய மஞ்சள் தண்ணீர் வாளியில் இருந்தது.

“மாமி, கிணத்தடியிலை ஒருக்கா ஊத்திவிடுங்கோ,” என்றேன்.

“விசரே பிள்ளை? கொம்மா என்னைக் கொல்லுவா!”

நான் அழத் தொடங்கினேன். நடிப்பில்லை, மூன்று கிழமையாக அடக்கி வைத்திருந்த அழுகை. எல்லாப் பிள்ளைகளுக்கும் நிற்கவைத்து வார்க்கிறார்கள், எனக்கு மட்டும் செத்தவர்களுக்கு வார்க்கிற மாதிரிக் கிடத்தி வார்க்கிறீர்களே என்றேன். அந்தச் சொல் மாமியைக் குத்தியிருக்க வேண்டும். “அப்பிடிச் சொல்லாதை என்ரை குஞ்சு,” என்று என் வாயைப் பொத்தினார். பிறகு கடைச் சாமான் வந்த பொலித்தீன் ‘சொப்பின் பை’ ஒன்றை எடுத்துப் பிரித்து, முதுகுக் கட்டின்மேல் விரித்து, சுற்றிவரப் பிளாஸ்டர் ஒட்டினார். “மஞ்சள் தண்ணிதானே, பட்டாலும் மருந்துதான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்கதவால் என்னை மெல்லக் கூட்டிக்கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டைப் பிடித்து நிமிர்ந்து நிற்கவைத்து, உச்சியில் வார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று செம்பு. ஐயோ, அந்தச் சுகம்! அதன் பிறகு கடலிலும் குளித்திருக்கிறேன், அருவியிலும் குளித்திருக்கிறேன், அதற்குக் கிட்டவும் எதுவும் வராது.

மேலே ஒட்டிய பிளாஸ்டர் ஈரத்தில் விட்டுவிட்டது என்பதும், உள்ளே போன தண்ணீரை அந்தப் பை வெளியே போகவிடாமல் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது என்பதும் எங்களுக்குத் தெரியாது. மாமி பையை உரித்து, மேலாக ஒற்றித் துடைத்து, புதுச் சட்டையைப் போட்டுவிட்டார். களியோடு அம்மா வந்தபோது நான் மரக்குத்தியாகக் கிடந்தேன்.

இரண்டாம் நாள் மருந்து கட்டத் துணியை எடுத்த அம்மா “ஐயோ, சீழ்!” என்று அலறினார். துணி முழுக்க மஞ்சள். குனிந்து மோந்து பார்த்தவர் மறுபடியும் மோந்து பார்த்தார். அது மஞ்சள்மா மணம். அதற்குக் கீழே வேறொரு மணமும் இருந்தது. எனக்குக் காய்ச்சல் காய்ந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர, மாமியும் வந்து சேர்ந்தார். காயத்தின் கீழ் முனை சிவந்து வாய் திறந்திருந்தது. “இப்போதைக்கு மேலாலைதான் பிடிச்சிருக்கு. உள்ளுக்கு இறங்கினா கம்பியைக் கழட்ட வேண்டி வரும். ஒரு கிழமை ஊசி போட்டுப் பாப்பம்,” என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற மிஸ், “ஆர் தண்ணி வாத்தது?” என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“நான்தான். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனனான்,” என்றார் மாமி.

அந்த ஒரு கிழமையும் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒருதரம் காயத்தைக் கழுவிக் கட்டினார்கள். கம்பியைக் கழற்றினால் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமி பார்வை நேரம் தவறாமல் சூப் போத்தலோடு வருவார். அவர் உள்ளே வந்தால் அப்பா எழுந்து வெளியே போவார். ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது, சிவப்பு வடிந்தது, கம்பி தப்பியது. மாமி தப்பவில்லை.

ஆறு மாதம் கழித்து, காயம் நன்றாக ஆறிய பிறகு சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். மாமி தண்ணீர் வார்க்கக்கூடாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவியைக் கூப்பிட்டு வார்ப்பித்தார்கள். மாமி எனக்குக் கல்யாணக் கூறைபோலப் பெரிய சேலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, அடுப்படி வாசலில், ஆட்களுக்குப் பின்னால் நின்றார். என் தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது எங்கள் இருவர் கண்களும் ஒருதரம் சந்தித்தன. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், பிறகு காலம் கடந்துவிட்டது என்ற சாட்டு. சில வருடங்களுக்குப் பிறகு ஒரு செத்தவீட்டில் அப்பாவும் மாமியும் கதைக்கத் தொடங்கினார்கள், ஆனால் அதைப்பற்றி மட்டும் கதைக்கவில்லை. அப்பா உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறேன். முதுகில் இருப்பது ஒரு வெளிறிய கோடு மட்டும். சண்டிலிப்பாய்க் கிணற்றின்மேல் வலை போட்டு மோட்டார் பூட்டியாகிவிட்டது. தோட்டத்து வாழைகள் நின்ற இடத்தில் யாரோ மதில் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் புகாத ஒட்டுக்கட்டுகள் மருந்துக்கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம் அந்தச் சொப்பின் பையை நினைத்து எனக்கு எரிச்சல்தான் வரும்.

போன மாதம் மாமிக்குக் கண்ணில் படலம் எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குத் தலையில் தண்ணீர் வார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெடியன்கள் மூவரும் வெளிநாட்டில். தொலைபேசியில், “என்ரை தலை நாறுது பிள்ளை,” என்றார். அது போதும் எனக்கு. சந்தையில் வாழைக்குலைக்காரரிடம் தடல் கேட்டபோது, “உதை ஆர் காசுக்கு வாங்கிறது? சும்மா கொண்டுபோங்கோ,” என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஸ்கூட்டியின் முன்னால் அதை நிறுத்திக்கொண்டு கோப்பாய்க்குப் போனேன்.

முழங்கைவரை சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மாமியைக் கட்டிலில் கிடத்தி, பிடரிக்குக் கீழே தடலைக் கொடுத்து, கண்ணுக்குத் தண்ணீர் இறங்காமல் நெற்றியில் ஒரு கையை அணையாக வைத்து ஊற்றத் தொடங்கினேன். இரண்டாவது செம்பில் கேட்டுவிட்டேன்.

“மாமி, அண்டைக்கு நான்தானே ஊத்தச் சொல்லி அழுதனான். ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“சொன்னா? கொப்பர் உன்னோடையெல்லோ கதையாமல் விட்டிருப்பார். முதுகிலை அவ்வளவு பெரிய காயத்தோடை கிடந்த பிள்ளை அதையும் தாங்குமே?”

“சடங்கிலை உங்களை வாக்க விடேல்லையே மாமி.”

தண்ணீர் தடல் வழியே ஓடி வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

“சடங்குக்கு ஆரும் வாக்கலாம். முதல் தண்ணி நான்தானே வாத்தனான்,” என்றார். பிறகு, “ஆறுதலா, மெல்ல ஊத்து. காதுக்குள்ளை போகுது.”

நான் ஆறுதலாக ஊற்றினேன். கை கழுவியிருந்தபடியால் என் கண்ணைத் தோளில்தான் துடைத்துக்கொண்டேன்.