ரம் இல்லாத பினா கொலாடா

என் வீட்டுக்காரர் குடியை நிறுத்தி ஒரு மாசம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஆனால் போதும், வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடப்பார். மறுபடி புதுக்கடை ஊரிலுள்ள சாராயக்கடைப் பக்கம் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். கேட்கவோ கூச்சம்.

துபாயில் நர்ஸாக இருக்கும் மகள் போனில் ஒரு வழி சொன்னாள். "அம்மா, இங்க பெரிய ஓட்டல்ல பினா கொலாடான்னு ஒண்ணு குடிப்பாவ. கைதச்சக்கை, தேங்காய்ப்பால், ரம் எல்லாம் சேர்த்து அடிப்பாவ. நீ ரம்முக்குப் பதிலா முருங்கையிலை போடு. உடம்புக்கும் நல்லது."

கைதச்சக்கை என்றால் எங்களுக்கு அன்னாசி. எல்லாவற்றையும் மிக்சியில் போட்டேன். தேங்காயைக் கண்டதும் கை, குழம்புக்கு அரைக்கிற பழக்கத்தில், தன்பாட்டுக்குச் சீரகம், பச்சைமிளகாய், உப்பு என்று அள்ளிப் போட்டுவிட்டது. அடித்த பிறகுதான் தெரிந்தது. கொட்ட மனசு வராமல் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, புளிசேரிக் குழம்பை எதுக்கு தம்ளர்ல தாற? சோறு எங்க?"

போட்டேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டுவிட்டு, "இந்த வயித்தைத் தூக்கிட்டு எவன் இனி வெளியே நடப்பான்?" என்று கட்டிலில் சாய்ந்தார்.

மறுநாள் மகள், "அப்பா குடிச்சாவளா?" என்று கேட்டாள்.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கல்ல மக்களே" என்றேன். எதோடு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.