ஆனந்தவள்ளிக்கு ஒரு லீவு

இது பட்டப்பகலில் நடந்தது. தூக்கக் கலக்கம், பிரமை என்று தட்டிக்கழிக்க நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். விஜயராணி இன்றைக்கும் ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறாள். லேப்டாப்பைத் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

சென்னை விளம்பரக் கம்பெனி ஒன்றுக்கு மேலச் சித்திரை வீதி மாடி வீட்டிலிருந்தே அவளுக்கு டிசைன் வேலை. சேர்த்துவிட்டவன் கல்லூரித் தோழன் பிரிட்டோ. "வீட்ல உக்காந்தே வேலை ராணி, யாருக்குக் கிடைக்கும்?" என்றான். கிடைத்தது என்னவோ சாப்பாட்டுத் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் யோகம்தான். ஆள் வேலையில் இருப்பதற்கு அடையாளமாக, திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைந்தால் முதலாளி ஜெயக்குமாரின் போன் வந்துவிடும். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்மா, இப்படிப் பண்ணலாமா?" என்பார்.

லீவுக்கும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. நம் வேலையைப் பார்க்க நாமே ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். பிறகு அவர் லீவு கேட்டால் நாம் அவருக்காக இருக்க வேண்டும். ஆள் யார் என்றுகூட ஜெயக்குமார் கேட்க மாட்டார். வேலை வந்தால் போதும்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஏற்கெனவே தள்ளிப்போட்டாயிற்று. இன்னும் தள்ளினால் பார்வை தேறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விஜயராணி ஒவ்வொருவராகக் கெஞ்சினாள். பிரிட்டோவும் கையை விரித்துவிட்டான்.

மிச்சமிருந்தது ஆனந்தவள்ளி. பேசிப் பழக்கமில்லை. வீடியோ மீட்டிங்கில் அவள் முகம் தெரிய வேண்டிய கட்டம் எப்போதும் கறுப்பாகவே இருக்கும். யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. சில சமயம் மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் வரும்... ஞாயிற்றுக்கிழமையும் அவள் பச்சைப் புள்ளி அணையாது. பாவம், நம்மைவிட மோசமாக மாட்டிக்கொண்டவள் என்று விஜயராணி நினைத்திருந்தாள்.

கேட்டாள். உடனே பதில் வந்தது.

"நான் பாத்துக்கறேன். நீ அம்மாவைப் பாரு."

விஜயராணிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வந்து பார்த்தால் வேலையெல்லாம் முடிந்திருந்தது. அன்று மதியம், ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, ஆனந்தவள்ளியிடமிருந்து செய்தி.

"இப்ப நான் லீவு எடுத்துக்கலாமா? எனக்குப் பதிலா நீ இருப்பியா?"

"கண்டிப்பா இருக்கேன் அக்கா. எத்தனை நாள்?"

பதில் இல்லை. மீட்டிங் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் ஸ்பீக்கரில் அந்த மூச்சு... நீளமாக ஒன்று. பிறகு நின்றுவிட்டது.

பச்சைப் புள்ளி அணைந்தது.

விஜயராணி பிரிட்டோவுக்குப் போன் செய்தாள். "ஆனந்தவள்ளி அக்கா புள்ளி அணைஞ்சிடுச்சுடா. அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"யாரு?... ராணி, விளையாடாதே."

"ஏன்?"

"அவங்க வையம்பட்டிக்காரங்க. நெஞ்சு வலிக்குதுன்னு லீவு கேட்டாங்க. ஆள் கிடைக்கல. சிஸ்டம் முன்னாடி உக்காந்தபடியே உயிர் போயிடுச்சு... அவங்க வேலையைத்தான் உனக்குக் கொடுத்திருக்கு. அவங்க பேரை எப்பவோ எடுத்துட்டாங்களே!"

"உன்கிட்ட கேட்டாங்களா?"

"...முடியாதுன்னுட்டேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ சேந்திருக்க மாட்டே. அந்த இடத்துக்கு ஆள் கொண்டு வந்தாத்தான் எனக்கு லீவுன்னு ஜெயக்குமார் சொல்லிட்டாரு."

செத்தவள்கூட அவளை ஏமாற்றவில்லை. உயிரோடு இருப்பவன், கூடப் படித்தவன், தன் லீவுக்காக அவளைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்திருக்கிறான்.

அன்றே வேலையை விட்டாள். லேப்டாப்பை அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

சில வாரம் கழித்து, காலையில், பிரிட்டோ மறுபடி கூப்பிட்டான்.

"ராணி, நீ வேலையை விட்டுட்டேதானே?"

"விட்டுட்டேன். ஏன்?"

"மீட்டிங் ஓடிட்டிருக்கு... உன் பேர்ல ஒரு கறுப்புக் கட்டம் இருக்கு. பச்சைப் புள்ளி எரியுது. வேற யாருக்கும் தெரியல."

அவள் பீரோவைப் பார்த்தாள். பூட்டு போட்டபடியே இருந்தது.

"ராணி... மூச்சு வாங்கற சத்தம் கேக்குது. அது நீதானே?"

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"இன்னும் கேக்குது ராணி..."

எத்தனை நாள் என்று ஆனந்தவள்ளியிடம் அவள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.