ஏப்பம் நின்றுபோன நீலாவதி

"ஊரு காத்தெல்லாம் என் வயித்துலதான்லா வந்து குடியிருக்கு!"

காலையில் கைலி முடிச்சைத் தளர்த்தும்போது நீலாவதி சொல்லும் முதல் பேச்சு இது. ராத்திரி பாயில் சாயும்போது சொல்லும் கடைசிப் பேச்சும் இதுதான். நடுவில் எத்தனை தடவை என்று அவள் புருஷன் புவனேஸ்வரனைக் கேட்டால், "அது நம்ம வீட்டு ரேடியோலா, யாரு நின்னு கேக்குறா?" என்பான். தோட்டத்தில் எண்ணெய்க்கு வெட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். லோரிச் சத்தத்துக்கே அசராதவன், பெண்டாட்டி சத்தத்துக்கா அசரப்போகிறான்?

ஆனால் நீலாவதி பொய் சொல்லவில்லை. போர்டிக்சன் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் மெராந்தி தோட்டத்தில் அவள் தொழிலே அதுதான்: ஊராரின் காத்தை எடுப்பது.

வயிறு உப்பிக் கிடப்பவளைப் பாயில் படுக்கவைத்து, தைலம் தடவி, குதிகாலில் கட்டைவிரலை அழுத்தி மேலே உருவுவாள். உருவ உருவ அவளுக்கு ஏப்பம் வரும். கவனியுங்கள், வயிறு உப்பியது படுத்திருப்பவளுக்கு, ஏப்பம் உட்கார்ந்திருப்பவளுக்கு. காத்து அந்தக் கால் வழியாக இறங்கி, இந்தக் கை வழியாக ஏறி, வாய் வழியாகப் போகிறது என்பது தோட்டத்தின் விஞ்ஞானம். காலேஜ் படித்த பிள்ளைகளும் காலை நீட்டிக்கொண்டு படுத்தார்கள். சின்ன ஏப்பம் வந்தால் முகம் சுண்டிப்போகும். பெரிதாக வந்துவிட்டால் படுத்திருப்பவளுக்கே பெருமை தாங்காது. "பாத்தியா, எவ்ளோ நாளா அடச்சிக் கெடந்திருக்கு!"

இந்தத் தொழில்தான் நீலாவதியை நிமிர வைத்தது. அதற்கு முன்பு செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் குனிந்த முதுகு. இப்போது வீட்டுக்கு வீடு நாற்காலி போட்டு உட்கார வைத்து, கெட்டிப் பால் ஊற்றிய தேத்தண்ணியும் வடையும் கொடுக்கிறார்கள். வெயில் நேரமென்றால் நுரை பொங்கும் கேஸ் தண்ணி போத்தல். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள். அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்களே என்று மடக் மடக்கென்று முழுங்குவாள். வீட்டுக்கு வந்ததும் ஊர்க்கதை பேசிக்கொண்டே தட்டு நிறையச் சோறு. கை காய்வதற்குள் பாயில் விழுந்துவிடுவாள். அப்புறம் வயிறு மத்தளமாகும். அதிலும் அவளுக்கு ஒரு பெருமை. மற்றவர்களுக்காகச் சுமக்கிறாளாம்.

ஒருநாள் வலி தாங்காமல் துவண்டுபோனபோது புவனேஸ்வரன் அவளை அம்பாங்கானில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். டாக்டர் தர்மினி சின்ன வயசுக்காரி. வயிற்றைத் தட்டி, ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகு கேட்டாள்:

"ஆன்ட்டி என்ன வேல செய்றீங்க?"

"காத்து எடுக்குறேன், டாக்டர்."

"எங்கேர்ந்து?"

"ஜனங்க ஒடம்புலேர்ந்து."

"எடுத்து?"

"எடுத்து பெட்டியிலயா வப்பாங்க? ஏப்பமா விட்டுருவேன்லா."

டாக்டர் சிரிக்கவில்லை. "எனக்கும் கொஞ்சம் எடுங்க" என்று காலை நீட்டினாள். நீலாவதி விடுவாளா? ஏப்பம் மேல் ஏப்பம். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் கதவைப் பார்த்தார்கள்.

"ஏப்பத்துக்கு முன்னாடி கழுத்த உள்ளுக்கு இழுக்குறீங்களே ஆன்ட்டி, அது என்ன?"

"அது சக்தி எறங்குற நேரம்."

"சக்தி இல்ல, காத்து எறங்குற நேரம். நீங்கதான் முழுங்குறீங்க. பாதி ஏப்பமா வருது, மீதி உள்ளயே தங்கிருது. ஒங்க வயித்துல இருக்கிறது ஊரு காத்து இல்ல. ஒங்க சொந்தக் காத்து."

மருந்து கேட்டதற்கு, "மெதுவா மென்னு சாப்பிடுங்க, சாப்பிடும்போது பேசாதீங்க, பால் தேத்தண்ணியக் கொறச்சிப் பாருங்க, கேஸ் தண்ணி வேணாம், சாப்பிட்டதும் படுக்காம நடங்க" என்றாள்.

வெளியே வந்து நீலாவதி பொரிந்து தள்ளினாள். "பெரிய டாக்டராம்! மென்னு திங்கச் சொல்றா. எனக்கு இன்னிக்கித்தான் பல்லு மொளச்சிச்சா?"

திட்டினாளே தவிர, வலிக்குப் பயந்து சொன்னபடி செய்தாள். வாயை மூடி மென்று சாப்பிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் அப்படியொரு அமைதி. புவனேஸ்வரன் மனசுக்குள் அந்த டாக்டருக்குக் கும்பிடு போட்டான். சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் வரிசையாக நிற்கும் லைன் வீடுகளைச் சுற்றி நடந்தாள்.

"என்னா நீலா, எதத் தொலச்ச?" என்று கேட்டார்கள்.

"தொப்பைய. கெடைச்சா நீயே வச்சிக்க."

கொஞ்ச நாளில் வயிறு தளர்ந்தது. வீட்டு ரேடியோ நின்றது. கூடவே ஏப்பமும் நின்றது. அங்கேதான் வினை.

லைன் வீட்டுக் குமுதவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். நீலாவதி குதிகாலிலிருந்து முதுகு வரைக்கும் உருவினாள். சத்தமே இல்லை.

"என்னாக்கா, ஒண்ணுமே வரல?"

"வரலியே."

"அப்ப என் காத்து எங்க போச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? போன் போட்டுக் கேளு."

மறுநாளே தோட்டம் முழுக்கச் செய்தி. நீலாவதிக்குச் சக்தி போய்விட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். லோபாக்கிலிருந்து சத்தியசீலன் என்று ஒருவரைக் காரில் கூட்டிவந்தார்கள். அவர் விட்ட ஏப்பத்தில் நாய்கள் எழுந்து ஓடின. அதற்குப் பேர் வைத்தியம்!

நீலாவதியின் தைலப் போத்தல் மூலையில் கிடந்தது. உதிரிப் பழம் பொறுக்க ஆள் தேவை என்று தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் சொல்லியனுப்பினார். அதைக் கேட்டதுமே அவள் முதுகு வலித்தது. இன்னொரு வீட்டுப் புனிதா வயிறு உப்பிக் கூப்பிட்டபோது, போனால் போகட்டும் என்று பழையபடி கழுத்தை இழுத்து ஏப்பம் விட்டாள். புனிதா குளிர்ந்துபோனாள். "சக்தி திரும்பிருச்சிலா!" சக்தியோடு சேர்ந்து வயிறும் திரும்பியது. அன்று சாயங்காலம் நிமிர முடியாமல் உட்கார்ந்தவளைப் புவனேஸ்வரன் பார்த்தான்.

"ஏன்டி, ஊர ஏமாத்துறதுக்கு ஒன் வயித்த ஊதிக்கிறியே, ஒனக்கு என்னா லாபம்?"

"பொறுக்கப் போனா ஒங்க முதுகா வலிக்கும்?" என்று எரிந்து விழுந்தாள். ஆனாலும் அந்தப் பேச்சு தைத்தது.

மறுநாள் மத்தியானம் கூப்பிடாமலே குமுதவல்லி வீட்டுக்குப் போனாள். போனைச் சோற்றுப் பானையில் சாய்த்துவைத்து, நாடகத்தில் அழுகிறவளோடு சேர்ந்து அழுதுகொண்டே குமுதவல்லி அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குக் கேஸ் தண்ணி. முடிந்ததும் தட்டைத் தள்ளிவிட்டு சோபாவில் சரிந்தாள்.

"எந்திரி."

"வயிறு உப்பிருக்குக்கா. ஏப்பம் விடுறதா இருந்தா ஒக்காரு, இல்லன்னா நான் லோபாக்காருக்குப் போன் போடுறேன்."

"நீ பாட்டுக்குக் காத்த முழுங்குவ, நான் ஒனக்குப் பதிலா ஏப்பம் விடணுமா? நான் என்னா ஒன் வீட்டு லோரி எக்ஸாஸ் பொகைக் கொழாயா? எந்திரிச்சி நடடி!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். லைன் கோடி வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டேதான் நடந்தார்கள். கோடியில் குமுதவல்லி சட்டென்று நின்றாள். அவள் காத்து அவள் வழியாகவே, கொஞ்சமும் கூச்சமில்லாமல் கிளம்பியது. வேலியோரம் இருந்த கோழிகள் திரும்பிப் பார்த்தன.

"இது யாரு காத்து?" என்றாள் நீலாவதி.

"சும்மா இருக்கா, யாராச்சும் கேக்கப் போறாங்க."

அதற்காகத் தோட்டமே திருந்திவிட்டதாக நினைக்கவேண்டாம். பாதிப் பேர் இன்னமும் சத்தியசீலனுக்குக் காத்திருக்கிறார்கள். மென்று சாப்பிடுவதைவிட இன்னொருவரை ஏப்பம் விடச் சொல்வது சுலபமாயிற்றே. ஏப்பம் விட மறுத்த கோபத்தில் புனிதா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மீதிப் பாதி நீலாவதியோடு இருக்கிறது, திட்டு வாங்கிக்கொண்டு. மண்டோருக்கு அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். இப்போதும் தைலம் போட்டு வயிற்றை மெதுவாக உருவிவிடுகிறாள். ஏப்பம் மட்டும் விடமாட்டாள். உருவுவதற்கு முன்பு சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்து, நீங்கள் சாப்பிடுகிற லட்சணத்தைப் பார்ப்பாள். உடம்பு காரணமில்லாமல் இளைத்தாலோ, ரத்தம் போனாலோ, வலி விடாமல் இருந்தாலோ கையே வைக்கமாட்டாள். "டாக்டர்கிட்ட ஓடு" என்று விரட்டிவிடுவாள்.

போர்டிக்சனுக்குக் கடல் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே மெராந்தி தோட்டத்துக்குள் திரும்பி அவளையும் பாருங்கள். நீலாவதி என்றால் கடைக்காரர் வீடு காட்டுவார். சாப்பிடாமல் போங்கள், நடக்கிற மாதிரி செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். கட்டாயம் போய்ப் பாருங்கள்.