மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு கால்

இடது கால் ஆய்வகத்துக்குள், வலது கால் வராந்தாவில். நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டித் தின்பதும் குடிப்பதும் உள்ளே போகக் கூடாது. ஆகவே வில்மார் எச்செனிக்கே கதவை அகலத் திறந்து வைத்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, வராந்தா நாற்காலிமேல் இருக்கும் சுரைக்குடுக்கையை எடுத்து மாத்தே என்னும் இலைக் கஷாயத்தை உறிஞ்சுகிறார். மொண்டெவிடியோ நகரில் மாத்தேக்கான வெந்நீர்க் குடுவை இடுக்காத அக்குளைக் காண்பது அரிது. ஆனாலும் இப்படிக் குடிப்பவர் இவர் ஒருவர்தான்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். ஆறு வருஷமா இதே கோலம்!" என்பார் வராந்தாத் தொட்டியில் குப்பிகளைக் கழுவியபடி சுல்மா. இருபது வருடமாக ஆய்வக உதவியாளர். வில்மாரின் வழிகாட்டியான பேராசிரியர் பெர்தோமோகூட அவரைக் கேட்டுத்தான் அலமாரியைத் திறப்பார்.

வில்மாருக்கு முப்பத்து நான்கு வயது. முனைவர் படிப்பில் ஆறாவது வருடம். ஞாபகத்துக்கென்று புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். இன்று எழுதியது எது, போன செவ்வாய்க்கிழமை எழுதியது எது என்று பிறகு திருதிருவென்று விழிப்பார். யார் என்ன கேட்டாலும், "இருங்க, எனக்கே குழப்பமாத்தான் இருக்கு" என்றுதான் ஆரம்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, "என் பையன் டாக்டராகப் போறான்" என்று அம்மா பெருமையடிக்க, பக்கத்து வீட்டுக்காரர் கால்சட்டையைச் சுருட்டி முழங்கால் வீக்கத்தைக் காட்டிவிட்டார். நான் எறும்பு பார்க்கிறவன் ஐயா என்று சொல்ல வாய் வராமல், வில்மார் அழுத்திப் பார்த்து, "வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்றார். வீக்கம் வேறு வடிந்து தொலைத்தது! இப்போது பாதித் தெரு வருகிறது.

அவருடைய எறும்புகள் இலையை வெட்டிக்கொண்டு போய், அதில் காளான் வளர்த்துத் தின்பவை. அந்தத் தோட்டத்தில் களைபோலப் பூசணமும் முளைக்கும். அதைத் தடுப்பது எறும்பின் மார்பில் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருக்கும் ஒரு நுண்ணுயிர் என்பது வில்மாரின் கட்சி. இருபது பெட்டிகளில் எறும்புகள். பத்துப் பெட்டிகளில் பொடியைத் துடைத்தாயிற்று. அந்தப் பத்தில் பூசணம் கூடியிருந்தால் வெள்ளிக்கிழமை கூடும் தேர்வுக் குழு பட்டத்துக்குத் தலையாட்டும். இல்லையென்றால் காலக்கெடு முடிந்து மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எந்தப் பத்து என்பது வில்மாருக்குத் தெரியாது. தெரிந்தால் ஆசை கண்ணை மறைக்கும் என்பதால், எறும்புகளைத் துடைத்ததும் பெட்டிகளுக்கு எண் போட்டதும் சுல்மா. பட்டியலை உறையில் போட்டு ஒட்டவைத்து, "நான் காலப் புடிச்சுக் கெஞ்சினாலும் காட்டாதீங்கக்கா" என்று வில்மாரே சத்தியமும் வாங்கியிருந்தார்.

ஏழாம் பெட்டியில் வந்தது வினை. அதில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் பூசணமா, இளங்காளானா? காலையில் எண்ணியபோது பூசணம் ஒன்பது. மத்தியானம் இரண்டு. மறுபடி எண்ணினால் ஐந்து. அப்படியென்றால் முதல் ஆறு பெட்டிகளை எண்ணியது மட்டும் சரியா? தலை சுற்றியது அவருக்கு. வியாழக்கிழமை ஆகியும் விட்டது. போதாக்குறைக்குப் பெர்தோமோ எட்டிப் பார்த்து, "நாளைக்கு நல்ல சேதிதானே? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்பா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வில்மார் வராந்தாப் பக்கம் சாய்ந்தார். "அக்கா, அந்த உறை..."

"நீதானேப்பா சத்தியம் வாங்குன?"

"அன்னிக்குக் கேட்டவனுக்கு என்னக்கா தெரியும், மடையன்! ஏழாவது தொடச்சதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சா எப்படி எண்ணணும்னு புரிஞ்சிடும்."

"தெரிஞ்சிட்டா அப்புறம் எதுக்கு எண்ணணும்?"

வில்மாருக்குக் கண் கலங்கிவிட்டது. சுல்மாவுக்குப் பொறுக்கவில்லை, பெற்ற பிள்ளையைத் திட்டிவிட்டதுபோல் இருந்தது. ஏப்ரன் பையிலிருந்து உறையை எடுத்து, நாற்காலியில் சுரைக்குடுக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் சொல்லவும் இல்ல, காட்டவும் இல்ல. நீயாச்சு, உன் உறையாச்சு."

எட்டினால் கிடைக்கும் தூரம். வில்மாரின் கை நீண்டது. அதன் புறங்கையில் காலையிலிருந்து கிறுக்கியது தெரிந்தது: ஏழு, ஒன்பது, அடித்து இரண்டு, அடித்து ஐந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாத்தே ஆறிக்கொண்டிருந்தது. "எனக்கே குழப்பமா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

பிறகு கையை மடக்கி, உறையை நாற்காலியிலேயே விட்டு, வலது காலைத் தூக்கிக் கோட்டுக்கு உள்ளே வைத்து, கதவைச் சாத்திக்கொண்டார்.