கவர்னர் வருவார்

இசக்கிப்பாண்டிக்குப் பேச்சு என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வாய்க்குப் பூட்டுதான். ரிசர்வ் வங்கி கவர்னரின் கார் ஓட்டுகிறவன் வேறு எப்படி இருப்பான்? பின்சீட்டில் விழும் ஒரு வார்த்தை வெளியே போனால் பங்குச் சந்தையே ஆடிவிடும். அப்படி எத்தனையோ வார்த்தைகளை, தாராவியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே விழுங்கிச் செரித்தவன் அவன்.

ஒரே ஒருமுறை வாயை விட்டான். மகள் ஷாலினிக்குப் பேசி முடித்த அன்று, சம்பந்தி மாரிக்கண்ணன் இளக்காரமாக, "டிரைவர் வேலைதான?" என்றார். "கல்யாணத்துக்கு கவர்னரே வருவாரு, பாரும்" என்று சொல்லிவிட்டான். மறுநாள் காரில் தயங்கித் தயங்கிக் கேட்டும்விட்டான். "கண்டிப்பா வரேன் இசக்கி" என்றார் கவர்னர்.

ஆனால் அவருடைய பதவிக்காலம் கல்யாணத்துக்கு முந்தின வாரத்தோடு முடிகிறது. நீட்டிப்பு நிச்சயம் என்று டிவியில் ஆளாளுக்கு அடித்துச் சொன்னார்கள். பின்சீட்டில் இருந்தவரோ மூச்சுவிடவில்லை. இசக்கிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒருநாள் சிக்னலைக் கோட்டைவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை கவர்னரின் மனைவி விசாலாக்ஷியைக் கிங்ஸ் சர்க்கிள் காபிக்கடைக்குக் கூட்டிப்போனான். எப்போதும் இரண்டு கிலோ காபித்தூள் வாங்குகிறவர், "கால் கிலோ போதும்ப்பா, அதுவே மிஞ்சும்" என்றார் கடைக்காரரிடம். பையோடு நின்ற இசக்கிக்குப் புரிந்துவிட்டது. நீட்டிப்பு இல்லை. ஊரைக் காலி செய்யப் போகிறார்கள். மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கார்க் கதவைத் திறக்கப் போனான்.

அன்று மாலையே மாரிக்கண்ணன் போன் செய்தார். "சம்பந்தி, 'கவர்னர் அவர்களே வருக'ன்னு நம்ம தாராவி தொண்ணூறடி ரோடு பூரா பேனர் அடிக்கச் சொல்லிட்டேன். சரிதான?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் தாராவி முழுக்கத் தெரிந்துவிடும். "அதுக்கென்ன, அடியும்" என்றான் இசக்கி. மனைவி சொர்ணம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. தன் மானத்தைத் தானே கப்பலேற்றிய எரிச்சலில் அன்று சோறு இறங்கவில்லை.

புதுக் கவர்னரின் பெயர் அறிவிக்கப்பட்டபோது பேனர்களைக் கட்டி முடித்திருந்தார்கள். மாரிக்கண்ணன் தாம்தூம் என்று குதித்தார். "கூடவே சுத்துற உமக்குத் தெரியாதாக்கும்? இல்ல, அவரு வாரேன்னு சொன்னதே பொய்யா?"

அந்த இரண்டாவது கேள்விதான் சுட்டது.

தாலி கட்டி முடிந்தும் அவர் வரவில்லை. மணமேடையைப் பார்ப்பதா, வாசலைப் பார்ப்பதா என்று தவித்துக்கொண்டிருந்த இசக்கி, பந்தி நேரத்தில் வாசலில் ஒரு டாக்சி வந்து நிற்பதைக் கண்டான். கால் தானாக ஓடியது. அவன் கதவில் கை வைக்குமுன் அவரே திறந்துகொண்டு இறங்கிவிட்டார். பின்னாலேயே மேடம்.

மாரிக்கண்ணன் கைகூப்பிக்கொண்டு வந்தார். பேனரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார் டாக்சியில் வந்தவர்.

"உனக்குக் காபித்தூள் வாங்கின அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்னு விசாலம் சொன்னா. ஏம்ப்பா இதை நிறுத்தச் சொல்லல?"

"நீங்களே எங்கிட்ட சொல்லல சார். நான் எப்படி அடுத்தவங்ககிட்ட சொல்ல?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டார். பந்திக்குப் போய் உட்காரும்வரை விடவில்லை.