துணிக்கடைக்காரரின் சட்டைப்பை

சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் நின்ற அந்த விற்பனையாளரின் சட்டைப்பை எப்போதும் பாச்சா உருண்டைகளால் புடைத்திருக்கும். எதை வாங்கினாலும், பூச்சி அரிக்காமலிருக்கப் பொட்டலத்தில் இரண்டைப் போட்டு, "நம்ம அன்பளிப்பு லா" என்பார்.

நான் அப்போது தாதிப் பயிற்சியில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அன்று எனக்கு ஒரு சேலையும் அக்காவின் கைக்குழந்தைக்குச் சட்டைகளும் வாங்கினேன். சேலையை இரண்டு உருண்டைகளோடு பொட்டலம் கட்டி முடித்தவர், சட்டைகளுக்காக மறுபடியும் பைக்குள் கையை விட்டார்.

"அண்ணே, வேணாம்! பிள்ளைக்கு ஆபத்து!" என்று கத்திவிட்டேன். "ரத்தத்தைக் காப்பாத்துற ஒரு புரதம் அவனுக்குப் பிறவியிலேயே சரியா அமையல. இந்த வாசம் பட்டாலே சிவப்பணு உடைஞ்சிடும்."

கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"அது எப்படி வந்துச்சு மிஸ்ஸி?" தாதிகளை அழைப்பதுபோலவே என்னை அழைத்து விற்பனையாளர் கேட்டார்.

"அம்மா வழியா. எங்க அக்காகிட்டேருந்து வந்துச்சு."

"அக்காவுக்கு?"

"எங்கம்மாகிட்டேருந்து வந்திருக்கும்."

"அப்ப உங்களுக்கும் வந்திருக்கலாமே? டெஸ்ட் எடுத்தீங்களா?"

பாடத்தை வரி விடாமல் ஒப்பித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் என் சேலைப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு உருண்டைகளையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ரத்தப் பரிசோதனை ஊசிக்குக் கையை நீட்டியபோது, அந்தக் கடையில் யார் யாருக்குப் பாடம் எடுத்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.